ஆறு மாத மாத்திரை

இசக்கிமுத்துவின் வயிற்றில் மூன்று சின்னத் துளைகள் போட்டு, உள்ளே வீங்கியிருந்த நெறிக்கட்டி ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பி எட்டு நாள் ஆகியிருந்தது. புற்றுநோயா, காசநோயா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

டாக்டர் அறையிலிருந்து மனைவி பேச்சியம்மாள் அவன் கட்டிலருகே சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஏங்க, வெறும் டிபிதானாம்! ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாப் போதுமாம். அப்புறம் அருள்புரம் பனியன் கம்பெனிக்கே போயி ஓவர்லாக் மிஷின்ல உக்காந்துரலாம்."

அவன் அவள் கண்களை உற்றுப் பார்த்தான்.

"பிள்ளைகளக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரு" என்றான்.

"என்ன பேச்சு இது? பிள்ளைக மேல சத்தியமா டிபிதாங்க!"

பின்னாலேயே வந்த டாக்டரும் சொன்னார்: "அவங்க சொல்றது நெசந்தானுங்க. மாத்திரைய மட்டும் உட்டுடாதீங்க."

பேச்சியம்மாள் மாத்திரையை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். மாத்திரை தரையில் உருண்டது.

"முழுங்குங்க. உங்க கால்ல விழுதேன்" என்று கதறியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

போன வருடம் செத்துப்போன அவன் தம்பி சுடலைமணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, அதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று இதே டாக்டரின் காலைப் பிடித்தவன் இசக்கிமுத்து. பிறகு சிரித்துக்கொண்டே ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னான்:

"வெறும் டிபிதாம்லே. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாப் போதும்."