ரெண்டடி அகலம்

"வெர்னன், புல்வெளி நடுவுல ரெண்டடி அகலத்துக்குத் துளை போடாம விட்டுப்போச்சே, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் லொரெட்டா."

"மெஷின்காரன் ஏமாத்திட்டானா?"

"மெஷினை ஓட்டினதே நான்தான்."

சொல்லிவிட்டுக் குழாயைத் திருப்பிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு வெர்னனுக்கு எழுபத்திரண்டு வயது. எங்கள் தெருவில், ஏன், இந்த ஒஹையோ மாநிலத்திலேயே அவரைப்போல் புல் வளர்க்க ஆள் கிடையாது. குடியிருப்போர் சங்கம் வைக்கும் 'தெருவின் சிறந்த புல்வெளி' பலகை பதினோரு வருஷமாக அவர் வாசலில்தான் நிற்கிறது.

செப்டம்பர் பிறந்ததும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து, வேருக்குக் காற்றும் தண்ணீரும் இறங்க, இறுகிய மண்ணில் துளை போடுவார். மெஷின் பிடுங்கிப் போட்ட மண்துண்டுகள் வாத்து எச்சம் மாதிரி எங்கும் கிடக்கும். "அள்ளிப் போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"விட்டுடு. தண்ணி பட்டுப் பட்டு தானா கரைஞ்சு உள்ள போயிடும்," என்றார்.

அப்புறம் விதை. அது இடம் நகராதபடி காலையும் மாலையும் பூப்போலத் தண்ணீர். சுற்றிலும் கயிறு. மூன்று வாரம் அணில்கூட யோசித்துத்தான் அந்தப் பக்கம் போகும்.

பத்தாம் நாள் ஜன்னலில் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். துளைக்குத் துளை ஒரு பச்சைக் கொத்து, பிஞ்சுக் குழந்தையின் தலைமுடி மாதிரி. காபி ஆறிப்போனது, வேலைக்கு நேரமானது, நகர மனசு வரவில்லை. செத்துப்போனது என்று நினைத்த தரைக்குள் இத்தனை உயிரா?

அந்த ரெண்டடிதான் கண்ணை உறுத்தியது. நான் கார் நிறுத்தும் சிமென்ட் தரையில் ஆரம்பித்து அவர் வீட்டுப் படிவரை வெறும் பழுப்பு. புதுச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட மாதிரி.

மறுபடி போய்ச் சொன்னேன். "அதுல களை முளைச்சா என் பக்கம்தான் வரும்."

"வந்தா நானே பிடுங்கிடறேன்."

"இந்த வருஷம் பலகை கிடைக்காது, தெரியுமில்ல?"

"தெரியும்மா."

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு கட்டினேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன்.

அப்பாவுக்கு ரெண்டு வருஷமாகக் கண் தெரியாது. ஏப்ரலில் வாசலில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, நான் இல்லாத நேரத்தில் வெளியே கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

"பாவம் வெர்னன். விட்டுடேம்மா," என்றார் அப்பா.

"உங்களுக்கென்னப்பா. தினம் அதைப் பார்த்துத் தொலையறது நான்தானே."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் விடவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் எழுதினேன். பத்து நாளில் அந்த இடத்தையும் துளை போட்டு விதைக்காவிட்டால் நாங்களே ஆள் அனுப்புவோம் என்று சங்கம் வெர்னனுக்குக் கடிதம் போட்டது.

பதினோராம் நாள் காலை, நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்குக்குப் போன் வந்தது. சங்கம் அனுப்பிய மெஷின்காரன்.

"நீங்கதானே மேடம் புகார் குடுத்தது? பெரியவர் குறுக்க நிக்கறார். நகர மாட்டேங்கறார்."

கிளினிக் அடுத்த தெருதான். திட்ட வேண்டியதையெல்லாம் வாயில் அடுக்கிக்கொண்டே நடந்து வந்தேன்.

வெர்னன் மெஷினை மறித்து நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"லொரெட்டா, நீ வேலைக்குப் போ. சாயங்காலம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசணும்."

"மணி பத்து ஆகப்போகுது. தயவுசெஞ்சு போயிடு."

அதற்குள் எங்கள் வீட்டுப் பக்கக் கதவு திறந்தது. அப்பா. கையில் தடிகூட இல்லை.

கத்த வாயெடுத்தேன். வெர்னன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சுவரைத் தடவித் தடவி சிமென்ட் தரையைத் தாண்டினார் அப்பா. ஷூ அந்த ரெண்டடிக் கெட்டி மண்ணைத் தொட்டது. உடனே முதுகு நிமிர்ந்தது. சுவரை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நடுவில் இடது கால் மெத்தென்ற புல்லில் பட்டது. நின்றார். காலால் துழாவினார். கெட்டித் தரை அகப்பட்டதும் மறுபடி நடந்தார். வீட்டுக்குள் சோபாவைப் பிடிக்காமல் நாலு அடி வைக்காத மனுஷன்.

"நாலு மாசமா தினம் பத்து மணிக்கு நடந்து நடந்து அவர் போட்ட வழி," என்று வெர்னன் கிசுகிசுத்தார். "துளை போட்டா மெத்துனு ஆயிடும். அப்புறம் கால் எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியாது."

அப்பா படியைத் தொட்டுவிட்டார்.

"வெர்னன், எங்க இருக்க? காபி வாசனையே காணோம்."

"இதோ வந்துட்டேன் ஹோமர்."

"மெஷின் சத்தம் கேட்டுதே. இந்த வழியும் போச்சுன்னா அப்புறம் அந்த நாற்காலிதான்டா எனக்கு, சாகற வரைக்கும். என் பொண்ணு காதுல போட்டுடாதே. தெரிஞ்சா கதவைப் பூட்டிட்டுப் போயிடுவா."

வெர்னன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மெஷின்காரன் கிட்டே வந்தான். "என்ன மேடம், ஓட்டட்டுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே போனேன்.

"வேணாம், எடுத்துட்டுப் போயிடுங்க. மெதுவா பேசுங்க. நான் இங்க வந்தது எங்க அப்பாவுக்குத் தெரியக் கூடாது."