பனாயித்தின் நாலு பக்கம்

கதவு தடதடவென்று இடிபட்டது. நாவலாசிரியர் ஒக்தாவியன் டைப்ரைட்டரில் பாதி அடித்த தாளை அப்படியே விட்டுவிட்டு வந்து திறந்தார். பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக் பனாயித், கையில் நாலு தாளுடன் மூச்சிரைக்க நின்றான்.

“சார், மத்தியானத்துக்குள்ள இதைக் குடுத்தாகணும். போன மாசம் எழுதினது சப்புன்னு இருக்குன்னுட்டாங்க. இதுவும் தேறலைன்னா எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுடுவாங்க. மாசாமாசம் கிடைக்கிற அசல் காப்பித்தூளும் போயிடும்.”

“வேற ஆளா? அது கூடவே கூடாது” என்று ஒக்தாவியன் பேனாவை எடுத்தார். படிக்கப் படிக்க முகம் சுளித்தார்.

“என்னய்யா இது? காலையில முட்டைக்கு வரிசையில நிக்கிறான். மத்தியானம் தூங்கறான். சாயங்காலம் சோப்புக்கு வரிசையில நிக்கிறான். புகாரெஸ்ட்ல எல்லாரும் இதைத்தானே பண்றோம்? எவன் படிப்பான்?”

“நடந்தது அதுதான் சார்.”

“நடந்ததை எழுத நீ எதுக்கு? வரிசையில நிக்கறப்ப ரெண்டு வார்த்தை முணுமுணுக்கட்டும். ஆனா வில்லனாக்கிடாதே. பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கட்டும், படிக்கிறவனுக்குப் பாவமா இருக்கும்.”

“திட்டு நிஜமாவே விழுந்துச்சு சார். நாகரிகம் கருதி விட்டுட்டேன்.”

ஒக்தாவியன் அவனை முறைத்துவிட்டு, நாலு பக்கத்தையும் அடித்துத் திருத்திக் கொடுத்தார். பனாயித் படித்துவிட்டு வாயைப் பிளந்தான்.

“பிரமாதம் சார். முடிவுதான் இல்லை.”

“எழுதிக்கோ. ‘பக்கத்து வீட்டு ஒக்தாவியன் நாவல் எழுதறதையே விட்டுட்டார். தினமும் சுவத்துல காதை வெச்சுக் கேக்கறேன், டைப்ரைட்டர் சத்தமே இல்லை.’ கையெழுத்தைப் போட்டு ரகசிய போலீஸ்ல குடுத்துடு.”