முழங்கைக்குக் கீழே ஒரு தேள்

"அருவாள வண்டியிலயே வச்சிட்டு வாங்க பெரியவரே. இது ஆஸ்பத்திரி," என்றார் ஏட்டு கண்ணுச்சாமி.

சீனிச்சாமி முறைத்துக்கொண்டே, துண்டில் சுற்றியிருந்த அரிவாளை ஜீப்பின் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினார். தம்பி மகள் பொன்னுமணி, மலைக்கு லோடு ஏற்றும் ஜீப்பு டிரைவர் சுருளியோடு ஓடிப்போய் மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த அரிவாள் அவரை விட்டுப் பிரிந்ததில்லை.

போடிமெட்டு, பூப்பாறை என்று ஏலக்காய்த் தோட்டம் ஒன்று பாக்கியில்லாமல் ஆள் விட்டுத் தேடியாகிவிட்டது. கண்ட இடத்திலேயே இரண்டு பேரையும் வெட்டிப் போடுவேன் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்தான்.

பெற்றவர் மலைச்சாமி பின்னால் தலை குனிந்து வந்தார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவர் என்று ராசிங்காபுரம் முழுக்க அவருக்குப் பேர். மகள் விஷயத்திலும் அவர் வாய் திறக்கவில்லை.

"குரங்கணிக்குக் கீழ ஆத்துல ஒதுங்கிக் கெடந்துச்சு. இருவது வயசுக்குள்ளதான் இருக்கும்," என்றபடி ஏட்டு பிணவறைக் கதவைத் திறந்தார். "நேத்து ராத்திரி வெள்ளத்துல பாறை பாறையா அடிபட்டு வந்த ஒடம்பு. மொகத்தப் பாத்துப் பிரயோசனமில்ல. கையில ஒரு அடையாளம் இருக்கு, அதப் பாத்துச் சொல்லுங்க."

துணியை ஒரு பக்கம் மட்டும் விலக்கினார். வலது முழங்கைக்குக் கீழே தேள் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தது. நிறம் வெளுத்து, கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, கொடுக்கைச் சுற்றியிருந்த புள்ளிகள் பாதிக்குமேல் மங்கிப் போயிருந்தன.

சீனிச்சாமி முகத்தைச் சுளித்தார். "இது நம்ம புள்ள இல்ல ஏட்டய்யா. எங்க வீட்டுப் பொம்பளைக பச்சை குத்துறத விட்டு ரொம்ப வருசமாச்சு. பொன்னுமணி டீச்சர் டிரெயினிங் படிச்சவ. இதெல்லாம் தோட்டத்துல காய் எடுக்குற சனம் குத்திக்கிறது."

அவரைப் பெற்றவளுக்கு இரண்டு கையிலும் இடமில்லாமல் பச்சை இருந்தது. மதுரையில் சீனிச்சாமி தன் மகனுக்குப் பெண் எடுத்தபோது சம்பந்தி வீட்டுக்காரர்கள் அந்தக் கைகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அன்றைக்கே தாய்க்கு முழுக்கை ரவிக்கை தைத்துப் போட்டு, கல்யாணத்தன்று சமையல்கட்டிலேயே உட்கார வைத்துவிட்டார் இந்தப் புண்ணியவான். கௌரவம் என்று வந்துவிட்டால் பெற்ற தாயே அவருக்கு அப்புறம்தான், தம்பி மகள் எந்த மூலைக்கு?

"பெத்தவரு நீங்க சொல்லுங்க," என்று ஏட்டு மலைச்சாமி பக்கம் திரும்பினார்.

மலைச்சாமி அந்தக் கையைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பெருவிரலால் தேளை மெல்லத் தடவினார்.

"வேற யாரும் கேட்டு வரலையா?"

"தேவாரம் வரைக்கும் சொல்லி விட்டாச்சு. ஒருத்தரும் வரல."

"எம்புள்ளதான்," என்றார் மலைச்சாமி.

"என்னடா உளர்ற? அவ கையில ஏதுடா பச்சை?" என்று சீனிச்சாமி பாய்ந்தார்.

"மலைக்குப் போயிக் குத்தியிருக்காண்ணே. அந்தச் சனத்தோட சனமாப் போகணும்னு குத்தியிருக்கா. ஓடிப்போனவளுக்கு நம்ம கவுரவமா பெருசு?" சொல்லிவிட்டு மலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வாய்விட்டு அவர் அழுது அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சீனிச்சாமி குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். நம்புவதற்கு அவருக்கும் வசதியாகத்தான் இருந்தது. கண்டவனோடு ஓடியவள் பச்சையும் குத்துவாள், அதற்கு மேலேயும் செய்வாள்.

"தூ! நான் செய்ய வேண்டிய சோலிய ஆறு செஞ்சிருச்சு," என்று காறித் துப்பினார். "அந்தப் பய எக்கேடும் கெட்டுப் போறான். ஊருக்குக் காட்ட ஒரு பொணம் ஆச்சு, அது போதும்."

ஏட்டு நீட்டிய காகிதத்தில் மலைச்சாமி கையெழுத்துப் போட்டார்.

ஓடிப்போனவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, பிணமானாலும் கூடாது என்பது சீனிச்சாமியின் தீர்ப்பு. தெருமுனையில் வண்டி நிற்கும், பெற்றவள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும், அங்கிருந்து நேராகச் சுடுகாடு. அந்த மட்டுக்கும் இரக்கம் காட்டியதாக அவருக்கே ஒரு பெருமை.

மாயக்காள் தலைவிரி கோலமாக ஓடி வந்து துணிமூட்டையின் மேல் விழுந்தாள். "ஏ ஆத்தா பொன்னுமணி! ஒன்னய இப்பிடிப் பாக்கவா பெத்தேன்?" என்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. மூன்று மாதமாக வாய்க்கு வந்தபடி ஏசிய பொம்பளைகள்கூட முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

துணிக்குள் துழாவி மகளின் கையை வெளியே இழுத்தாள். பார்த்ததும் அழுகை சட்டென்று நின்றது. கையைப் புரட்டிப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து புருசன் முகத்தைப் பார்த்தாள்.

பத்தடி தள்ளி வண்டியில் சாய்ந்து நின்ற சீனிச்சாமி, பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார்.

மலைச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதல் சொல்கிறவர்போல் மனைவியின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். அவள் காதோடு காதாகச் சொன்னார்:

"அழுகைய நிறுத்தாத. நம்ம புள்ள அடிமாலியில முழுகாம இருக்கா."