நாத்தனாரின் நெற்றிமுடி

"கிளிப்பை எடுங்கக்கா. முடி மடங்கிப் போச்சு பாருங்க!"

பிரபாவுக்குச் சுருக்கென்றது. சேலம் அஸ்தம்பட்டியில் பன்னிரண்டு வருஷமாகப் பார்லர் வைத்திருக்கிறாள். எத்தனையோ மணப்பெண்களைப் பார்த்துவிட்டாள். ஆனால் இன்று சங்ககிரி மண்டபத்தில், மணமகள் அறை நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது மணப்பெண் அல்ல. மாப்பிள்ளையின் தங்கை சண்முகப்பிரியா.

"அண்ணி கோயிலுக்குப் போயிருக்காங்க. இணைச்சீருக்கு நான்தானுங்க நிக்கோணும். எனக்கு மொதல்ல போட்டுடுங்க" என்று ஏழு மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டாள்.

தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தவளுக்கும் நடக்கிற சீர் அது. அன்றைக்குத் தங்கையும் பாதி மணப்பெண்தான். பிரபாவும் சரியென்று பெட்டியைத் திறந்தாள்.

திறந்த பிறகுதான் வம்பு தெரிந்தது. சண்முகப்பிரியாவின் நெற்றியை மூடிக்கொண்டு, புருவம் வரைக்கும் வெட்டிவிட்ட முடி. அதுவும் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி.

"எந்தக் கடையில வெட்டுனீங்க கண்ணு?"

"பேங்ஸுங்களா? ஊட்டுல நானேதானுங்க வெட்டுனேன்."

அந்த லட்சணம்தான் தெரிகிறதே என்று பிரபா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முடியைத் தூக்கி நிறுத்தாமல் நெற்றிக்கு மேக்கப் போட முடியாது. கிளிப் போட்டுத் தூக்கினாள், எடுத்தால் முடியில் மடிப்பு. தண்ணீர் தெளித்து, காயவைத்து, ரோலரில் சுற்றினாள். எடுத்தால் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

"வேற எப்படியாச்சும் பண்ணிப் பாருங்கக்கா."

"மணி ஏழே முக்கால் ஆச்சு கண்ணு. பொண்ணுக்கே ரெண்டு மணி நேரம் வேணும். பத்தரைக்கு முகூர்த்தம்."

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க."

டிஷ்யூ காகிதத்தை மடித்து முடிமேல் வைத்து, அதன்மேல் கிளிப்பைப் போட்டாள் பிரபா. நெற்றி வேலை முடிந்து எடுத்தபோது முடி மடங்காமல் அப்படியே விழுந்தது. சண்முகப்பிரியா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதாங்க கரெக்ட்டு!" என்று கை தட்டினாள்.

நாத்தனார் இப்போதே இந்த ஆட்டம் ஆடினால், வரப்போகிற பெண் பாடு திண்டாட்டம்தான் என்று பிரபாவுக்குத் தோன்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா ராசாத்தி வந்தாள். வந்ததும் வராததுமாகப் பிரபாவிடம் பிராது கொடுக்க ஆரம்பித்தாள்.

"கேளுங்க சாமி இந்த அநியாயத்த! முகூர்த்தக்கால் நட்ட பொறவு நாங்க நகங்கூட வெட்ட மாட்டோம். இவ தலையில கத்திரி வெச்சுட்டு வந்து நிக்கறா. பந்தல்ல கட்டற தோரணத்தை நெத்தியில கட்டுனாப்பல! சொந்தக்காரங்க அத்தனை பேரும் என்னையக் கேக்கறாங்க. ரெண்டு நாளா கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப் போச்சு."

நிஜமாகவே குரல் கரகரத்தது. மகளோ, அம்மா வேறு யாரையோ திட்டுகிறாள் என்பது போல வளையலைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். என்ன அழுத்தம் என்று பிரபாவுக்கே கை பரபரத்தது.

அப்போதுதான் மணப்பெண் யாழினி உள்ளே வந்தாள். தலையைச் சுற்றித் துப்பட்டா. கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன. மாமியாரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வாங்க அண்ணி, உக்காருங்க!" சண்முகப்பிரியா துள்ளி எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டாள்.

நேரமாகிற அவசரத்தில் பிரபா துப்பட்டாவை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

யாழினியின் நெற்றியிலும் புருவம் வரைக்கும் முடி.

"அத்தை... வீடியோ பாத்து... தெரியாம வெட்டிட்டேனுங்க..." யாழினி கையால் நெற்றியை மறைத்துக்கொண்டாள்.

ராசாத்தி மருமகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி மருமகளைப் பார்த்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாயிலிருந்து சிரிப்புத்தான் வந்தது.

"நீயுமா சாமி? நாம்பெத்தவளையே என்னால ஒண்ணும் பண்ண முடியல. உன்னைய மட்டும் வஞ்சா ஊரு என்னைய என்ன சொல்லும்? அழுவாத கண்ணு. இந்தக் காலத்துப் புள்ளைங்களே இப்படித்தானாட்டம் இருக்குது." பிரபாவிடம் திரும்பி, "ரெண்டு பேருக்கும் பூவ நெறையா வெச்சு உடுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டாள்.

யாழினி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிரபா பழக்கத்தில் ஒரு கிளிப்பை எடுத்தாள்.

"அக்கா, வெறும் கிளிப் வேண்டாம்! ரோலர் வேண்டவே வேண்டாம்! டிஷ்யூ மடிச்சு வெச்சே போடுங்க. அண்ணி முடி ஒரு துளி மடங்கக் கூடாது" என்றாள் சண்முகப்பிரியா.

பிரபா நிமிர்ந்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஆமா, நீங்க எப்ப கண்ணு இதை வெட்டுனீங்க?"

"முந்தாநேத்துங்க. சாயங்காலம் ஆறு மணி இருக்கும்."

யாழினி சட்டென்று திரும்பி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் பிரியா... அன்னைக்கு அஞ்சரைக்குத்தான நான் உனக்கு போன் பண்ணி அழுதேன்?"