கழுத்துக்குள் ஓடும் சத்தம்

திரை இழுத்துவிட்ட ஸ்கேன் அறையில், கணினியின் நீல வெளிச்சம் மட்டும் மனைவியின் கன்னத்தில் விழுகிறது. பஸ் டிரைவரான கணவர் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு ஒன்பது வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்புகளின் மேலுறையைத் தின்றுகொண்டே போகும் நோய். அதற்கும் கழுத்து ரத்தக்குழாய்களுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க, ஓர் அறக்கட்டளையின் நிதியில் நடக்கும் ஆராய்ச்சி இது. "இதனால உங்களுக்கு உடனே குணமாகாதுக்கா, முன்னாடியே சொல்லிடறேன்," என்கிறாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "தெரியும்மா. பின்னாடி வர்றவங்களுக்காவது ஆகட்டும்." குளிர்ந்த ஜெல் கழுத்தில் பரவுகிறது. கருவியை வைத்ததும் ஒலிபெருக்கியில் அவளுடைய ரத்தம் 'உஸ், உஸ்' என்று இரைகிறது. டிரைவர் நிமிர்கிறார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், இதே மாதிரி ஓர் இருட்டறையில்தான் மகளின் இதயத்துடிப்பை முதன்முதலாகக் கேட்டார்கள். "டீசல் இன்ஜின் மாதிரி இருக்கே" என்று அவர் உளறியதில், இவள் வயிறு குலுங்கச் சிரித்துப் படமே கலைந்துபோயிற்று. "ஞாபகம் இருக்கா?" என்கிறார். "டாக்டர் உங்களை வெளிய அனுப்பினாரே, அதுவும் ஞாபகம் இருக்கு," என்று அவள் சிரிப்பை அடக்குகிறாள். "அக்கா, ஆடாதீங்க." மனைவியின் வலக்கை கட்டிலோரமாக அவரைத் தேடி வருகிறது. அந்த விரல்கள் மரத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் தன் கையை அதனுள் வைக்கிறார். "ஏங்க, நான் பிடிச்சிருக்கேனா?" அவள் விரல்கள் அவர் உள்ளங்கையில் வெறுமனே கிடக்கின்றன. "கொஞ்சம் மெதுவாப் பிடிடி," என்கிறார் அவர், "வலிக்குது."