கையெழுத்துக்கு நல்ல நாள்

"இண்டைக்கும் மரணயோகம் எண்டு ஒரு கதை சொல்லுவார், இருந்து பார் பிள்ளை!" என்றாள் வசந்தமலர். ஜன்னல் திரையை அவள் விலக்கிப் பார்ப்பது அது ஒன்பதாவது தடவை.

லண்டன் நோர்பரி வீட்டின் சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. பக்கத்தில் விவாகரத்துப் படிவமும் ஒரு பேனாவும். வீட்டுக்காரி தயாளினி, வசந்தமலரின் அண்ணன் மகள். வரவேண்டியவர் வசந்தமலரின் கணவர் பத்மநாதன். பக்கத்துத் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருக்கிறார்.

ஐம்பது தாண்டிக் கட்டிய கலியாணம். ஏழு வருடம் நியூஜெர்சியில், பிறகு லண்டனில், பிறகு ஆளுக்கொரு பக்கம். பெரிய சண்டை என்று ஒன்றுமில்லை. இருவரும் தங்கமானவர்கள்தான்; ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் மட்டும் ஆகாது. பிரிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அவர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று லோயர் மாசி மாதமே சொல்லிவிட்டார்.

அந்த ஒரு கையெழுத்துத்தான் ஆவணி வரை இழுபடுகிறது.

மாசியில் அட்டமி, நவமி என்றார். சித்திரையில் சனி பார்க்கிறான் என்றார். அந்த 2009 வைகாசியில் ஊரில் வன்னிப் போர் முடிந்த விதத்தைக் கேட்டு எல்லோரும் இடிந்துபோய் இருந்தார்கள். அவளும் வாய் திறக்கவில்லை. ஆடியில் கேட்டபோது, ஆடி மாதத்தில் ஒரு காரியமும் செய்யக்கூடாதாம். தன் கலியாணத்தையே ராகு காலத்தில் பதிவு செய்துவிட்டு, நேரமாவது காலமாவது என்று சிரித்த மனுசன்!

"பிரியிறதுக்கு நல்ல நாள் பாக்கிற ஆளை நீ எங்கயாவது கண்டிருக்கிறியோ?"

தயாளினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மாமாவுக்கு உங்களை விட மனமில்லைப் போல. பேசாமல் இருங்கோவன் மாமி. இஞ்ச காசில்லாமல் வைத்தியம். இதை விட்டுட்டு ஏன் அமெரிக்காவுக்கு ஓடுறியள்?"

"தங்கச்சி அங்க தனிய. அவளின்ர புருசனும் செத்திட்டார். அவளுக்கு வேற ஆர் இருக்கினம்?"

வசந்தமலர் கைப்பையிலிருந்து, அமெரிக்க அரசு முதியோருக்குக் கொடுக்கும் மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரின் புத்தகத்தை எடுத்து விரித்தாள். புரட்டிப் புரட்டி அதன் ஓரமெல்லாம் நைந்துபோயிருந்தது.

"இஞ்ச பார். அறுபத்தைஞ்சு வயசில இதில பதியவேணும். எனக்கு இப்ப அறுபத்திரண்டு. இதில 'பி' பகுதி எண்டால் டொக்டருக்கு, அதுக்கு எல்லாரும் மாசம் மாசம் கட்டத்தான் வேணும். 'ஏ' பகுதி எண்டால் ஆஸ்பத்திரியில படுக்கிறதுக்கு. அது, அங்க பத்து வருசம் வேலை செய்தவைக்குச் சும்மா. நான் செய்தது நாலு வருசம். மிச்ச ஆறையும் செய்து முடிக்காட்டி மாசம் நானூறு டொலருக்கு மேல கட்டவேணும். நான் எங்க போறது?"

"மாமா அங்க இருபது வருசம் வேலை செய்தவர்தானே? புருசன்ர வேலைக் கணக்கு நம்பரில பெண்சாதிக்கும் 'ஏ' சும்மா கிடைக்குமெண்டு இதிலயே கிடக்கு."

"அது பெண்சாதிக்கு. அவற்ற தயவில ஊசி போடுறதிலும் பார்க்க நான் இருமியே சாகலாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. வியாழக்கிழமை பிளேன். தங்கை பார்த்து வைத்த குழந்தைகள் காப்பக வேலை புரட்டாசியில் தொடங்குகிறது. கையெழுத்து வாங்காமல் ஏறினால் இந்தக் காரியம் கிணற்றில் போட்ட கல்தான். போகாமல் நின்றால் வேலை போய்விடும்.

"அவர் ஒரு மாசம் இழுத்தால் என்ர பத்து வருசமும் ஒரு மாசம் பின்னுக்குப் போகுது. முழங்கால் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்குமோ?"

வாசல் மணி அடித்தது.

மழைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பத்மநாதன் உள்ளே வந்தார். எப்படி இருக்கிறாய் என்று தயாளினியை ஒரு வார்த்தை கேட்டார். கண்ணாடியைப் போட்டார். படிவத்தை இழுத்தார். கையெழுத்தும் போட்டார்.

ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சண்டை வசந்தமலரின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. கேட்டது கையில் கிடைத்தபோது அழுகை வரும்போல் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"இண்டைக்கு என்ன, சனியன் உங்களை விட்டிட்டானோ?"

"நேற்றோட பத்து வருசம்" என்றார் அவர்.

"எதுக்கு?"

"எங்கட கலியாணத்துக்கு." பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அமெரிக்காவுக்கு மூண்டு தரம் போன் பண்ணிக் கேட்டனான். பத்து வருசம் நிறைஞ்ச பிறகு விவாகரத்து எடுத்தால், பிரிஞ்ச பெண்சாதிக்கும் புருசன்ர நம்பரில 'ஏ' சும்மா கிடைக்கும். ஒரு நாள் குறைஞ்சாலும் இல்லை. நீர் மாசியில கேட்ட உடன நான் போட்டிருந்தால் ஆடியிலயே எல்லாம் முடிஞ்சிருக்கும். இனி நீர் அங்க போய் ஒரு நாளும் வேலை செய்யத் தேவையில்லை. திரும்பக் கலியாணம் மட்டும் கட்டிப்போடாதையும், அதை வெட்டிப்போடுவினம்."

வசந்தமலர் மெடிகெயார் புத்தகத்தை மூடினாள். "இதை... முதலே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால், வீம்புக்கு அண்டைக்கே கையெழுத்தை வாங்கியிருப்பீர்" என்று சொல்லிவிட்டுப் பத்மநாதன் மழைக்குள் இறங்கிப் போனார்.