டிரம்ஸுக்குப் பூச்சியம்

கல்லடியின் ‘முகத்துவாரம்’ மெட்டல் இசைக்குழு, டிரம்ஸ் அடித்த றெஜியை முதல் ஆல்பத்தோடு நிறுத்திவிட்டது. காரணம் கேட்டதற்கு, “பிறகு சொல்றம்” என்றார்கள். இரண்டாவது ஆல்பம் வந்த அன்றே அவன் முகநூலில் விமர்சனம் எழுத உட்கார்ந்தான்.

“கிற்றார் இடியாய் இறங்குகிறது. குரலில் கனம் கூடியிருக்கிறது. ஆனால் டிரம்ஸ்? தோணியில் தண்ணீர் இறைப்பவர் தகரப் பேணியை அடிக்கடி கைநழுவ விடுவதுபோல் இருக்கிறது. மற்றவர்கள் எந்தப் பாட்டை வாசிக்கிறார்கள் என்று அந்த மகானுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். டிரம்ஸுக்குப் பத்துக்குப் பூச்சியம்.”

“எரிச்சல்ல எழுதுறீங்க போல,” என்றாள் மனைவி மேர்லின்.

“எரிச்சலா? எனக்குக் காது இருக்கு. அது சொல்றத எழுதுறன்,” என்று றெஜி பதிவைப் போட்டான்.

மேர்லின் வைத்த தேத்தண்ணி ஆறும் முன்னே பாடகன் நிலோஜன் அழைத்தான்.

“நல்லா எழுதியிருக்காய் மச்சான். உனக்குப் பிறகு டிரம்ஸுக்கு ஒருத்தரும் கிடைக்கல்ல. ஒத்திகையில நீ அடிச்ச பழைய பதிவுகள வெட்டி ஒட்டித்தான் ஆல்பத்த முடிச்சம்.”

றெஜி கோப்பையைக் கீழே வைத்தான். “அப்ப... அது நானா?”

“ஓம். அண்டைக்கு நீ காரணம் கேட்டாய், எங்களுக்குச் சொல்லக் கூச்சமாப் போச்சு. இப்ப நீயே வடிவா எழுதிப்போட்டாய்.”